புறநகர் மால்: இடிப்பதா, மாற்றுவதா? எங்கிருந்து தொடங்குவது?

கிழக்குவாசல்:

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு புறநகர் மால் பற்றிய கேள்வி. திறந்தது 1974-ல். 78 ஏக்கர் நிலம், ஏறக்குறைய 9 லட்சம் சதுர அடி கட்டடம். நடுவில் ஒரே தளத்தில் நீளமான நடைக்கூடம், அதன் முனைகளில் இரண்டு தளங்களோடு நான்கு ஆங்கர் கடைகள், அதாவது கூட்டத்தை இழுக்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள். அவற்றில் இரண்டைப் பூட்டியாகிவிட்டது. நடைக்கூடத்துச் சிறு கடைகளில் பாதிக்கு மேல் காலி. சுற்றிலும் தார் போட்ட பார்க்கிங், அதற்கு வெளியே வட்டச் சாலை, அதற்கு அப்பால் நெடுஞ்சாலை.

இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று நகரத் திட்டக் குழுவுக்கு ஒரு குறிப்பு தயாராகிறது. மூன்று கேள்விகள்:

ஒரே காலத்தில் இத்தனை மால்கள் முளைத்ததும், இப்போது ஒரே காலத்தில் படுப்பதும் ஏன்? இணைய வியாபாரம் ஒன்றே காரணமா?

காலியான ஆங்கர் கட்டடங்களை அடுக்குமாடி வீடுகளாக மாற்ற முடியுமா, அல்லது இடிப்பதுதான் வழியா?

சில மால்கள் மூன்றே ஆண்டில் புது நகர்ப்பகுதியாகிவிடுகின்றன, சில முப்பது ஆண்டுகள் பாழடைந்து கிடக்கின்றன. இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது?

பழைய வரைபடம்:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இணைய வியாபாரம் கடைசி அடி. முதல் அடி அதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிட்டது.

கூரை போட்டு மூடிய, முழுக்கக் குளிர்வசதி செய்த புறநகர் மால் என்ற வடிவம் மின்னசோட்டாவில் ஈடினா ஊரின் சவுத்டேலில் தொடங்குகிறது. திறந்தது 8 அக்டோபர் 1956. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்து 1938-ல் அமெரிக்கா வந்த விக்டர் க்ரூயன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1954-ல், டெட்ராய்ட் அருகே சவுத்ஃபீல்டில் நார்த்லாண்ட் சென்டரைக் கட்டியவரும் அவர்தான். ஆனால் அது திறந்தவெளி வளாகம். சவுத்டேலுக்கு அவர் போட்ட திட்டம் 463 ஏக்கருக்கானது. வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரி எல்லாம் அதில் இருந்தன, மால் அவற்றின் நடுப்புள்ளி மட்டுமே. லாபம் தரும் நடுப்புள்ளியை முதலில் கட்டிவிட்டார்கள். சுற்றியிருந்த நிலம் தனித்தனியாக, அவர் வரைந்த ஒழுங்கு இல்லாமல் வளர்ந்தது. நாடு முழுக்கப் பரவியது பார்க்கிங் சூழ்ந்த அந்தப் பெட்டி வடிவம்தான். 1978-ல் லண்டனில் பேசியபோது க்ரூயனே அதோடு தனக்கு உறவில்லை என்று வெளிப்படையாக மறுத்தார். இன்று மறுசீரமைப்பு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, அவர் தாளில் விட்டுவைத்த பாதியைக் கட்டுவதுதான்.

ஒரே காலத்தில் முளைத்ததற்கு மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்ததைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அதே அளவு முக்கியம் 1954-ன் வருமான வரிச் சட்டம். புதிதாகக் கட்டும் வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே கூடுதலாகக் கழித்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. கையில் வாடகை வந்துகொண்டே இருக்கும், கணக்கில் நஷ்டம் காட்டலாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பதைவிட ஊர் ஓரத்தில் மலிவான நிலம் வாங்கிப் புதிதாகக் கட்டுவதே லாபம் என்றானது. 1956-ன் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் அந்த ஊர் ஓரங்களுக்கெல்லாம் சாலையையும் போட்டுக் கொடுத்தது. வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பத்து மைல் தள்ளி இன்னும் பெரிய மால் வந்தால் பழையது சாகும் என்பது 1970-களிலேயே கண்கூடு. இலினாயில் ஹார்வி ஊரின் டிக்ஸி ஸ்குவேர் 1966-ல் திறந்து 1978-லேயே மூடப்பட்டது. இணையம் பொதுமக்கள் கைக்கு வராத காலம் அது.

ஒரே காலத்தில் படுப்பதற்குக் காரணம் ஆங்கர்கள். மால் பொருளாதாரம் முழுக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை நம்பியது. அவை கூட்டம் சேர்க்கும், அந்தக் கூட்டத்தை நம்பிச் சிறு கடைகள் அதிக வாடகை கொடுக்கும். 2005-ல் மேசீஸ் கடைகளின் உரிமையாளரான ஃபெடரேட்டட், ‘மே’ என்ற போட்டி டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனத்தை வாங்கியது. 2006 செப்டம்பரில் பல வட்டாரப் பெயர்ப் பலகைகள் ஒரே நாளில் மேசீஸ் ஆயின. இரண்டு போட்டி ஆங்கர்கள் இருந்த மால்களில் இரண்டும் ஒரே முதலாளிக்குப் போயின, ஒன்று வேண்டாததாகிவிட்டது. 2018-ல் பான்-டான் கடைகள் கலைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது, 2020 மே மாதம் ஜேசி பென்னி. நான்கு ஆங்கர்களில் இரண்டு போன உங்கள் மாலின் கதையும் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும்.

பத்திரப்பெட்டி:

மூன்றாவது கேள்விக்குப் பதிலைக் கட்டடத்தில் தேடாதீர்கள், பத்திரங்களில் தேடுங்கள். கண்ணுக்கு அது ஒரே மால். கவுன்டிப் பதிவேட்டில் நாலைந்து தனிச் சொத்து.

1970-களில் டெவலப்பர்கள் ஆங்கர்களை இழுக்க நிலத்தை மிக மலிவாகக் கொடுத்தார்கள். ஆங்கர் தன் கட்டடத்தைத் தானே கட்டிக்கொண்டது, பல இடங்களில் அதைச் சுற்றிய பார்க்கிங்கும் அதற்கே சொந்தம். எல்லா உரிமையாளரும் சேர்ந்து ஆர்இஏ என்று சொல்லப்படும் பரஸ்பர உரிமை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். யார் வாடிக்கையாளரும் யார் பார்க்கிங்கிலும் நிறுத்தலாம், வட்டச் சாலையை எல்லோரும் பயன்படுத்தலாம், பராமரிப்புச் செலவை இன்ன விகிதத்தில் பகிரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிக்கல் அடுத்து வரும் பக்கங்களில். 1,000 சதுர அடிக்கு இத்தனை பார்க்கிங் இடத்துக்குக் குறையக்கூடாது, கட்டடத்துக்கென்று கோடு போட்ட இடத்துக்கு வெளியே எதுவும் எழும்பக்கூடாது, ஆங்கரின் பெயர்ப் பலகையைச் சாலையிலிருந்து மறைக்கக்கூடாது, உயரம் இவ்வளவுதான். தடைசெய்த பயன்பாடுகள் என்று நீளமான பட்டியலும் இருக்கும். வீடு, பள்ளி, உடற்பயிற்சிக் கூடம், திரையரங்கு, மருத்துவமனை எல்லாம் அதில் வருவது சாதாரணம், ஏனென்றால் அவை பார்க்கிங்கை நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குப் பயம். எதையாவது மாற்ற வேண்டுமானால் எல்லா ஆங்கரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

கடையைத் திறந்து நடத்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் 15 முதல் 25 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். சம்மத உரிமை காலாவதியாகாது, பல ஒப்பந்தங்களில் அது 50 ஆண்டுக்கு மேலும் ஓடும். ஆகவே கடையைப் பூட்டிவிட்டுப் போன ஆங்கர் அடுத்த நிலத்தில் நடக்க வேண்டியதைத் தடுக்கலாம். காலிக் கட்டடத்தின் மதிப்பைவிட அந்தத் தடுக்கும் உரிமையின் மதிப்பு அதிகம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வேலை வரிசை இப்படி. டைட்டில் நிறுவனத்திடம் (சொத்துரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தருபவர்கள்) உரிமைச் சான்று அறிக்கை கேளுங்கள். அதில் பி அட்டவணையில் வரும் விதிவிலக்குகள் ஒவ்வொன்றின் மூலப் பத்திரத்தையும் எடுங்கள், ஆர்இஏவின் திருத்தங்கள் அத்தனையும் சேர்த்து. இணைப்பில் இருக்கும் தள வரைபடம் மடித்து வைத்த பெரிய தாள், ஸ்கேன் செய்தபோது பாதி வெட்டுப்பட்டிருக்கும் அல்லது விட்டுப்போயிருக்கும். பதிவு அலுவலகத்தின் பெரிய அளவு வரைபடப் புத்தகங்களில் தேடினால் கிடைக்கும். கட்டடம் கட்டக்கூடாத பகுதியின் கோடு அந்தத் தாளில் மட்டுமே இருக்கும், விட்டுவிடாதீர்கள். பிறகு ஆல்டா தர நில அளவை (எல்லைகளையும் பதிவான உரிமைகளையும் காட்டும் அமெரிக்கத் தர அளவை) செய்து, இந்தக் கோடுகளை அதன்மேல் ஏற்றிப் பாருங்கள். கடைசியில் ஒரு அட்டவணை: எந்த மனை, யார் உரிமை, எதற்கு அவர் சம்மதம் வேண்டும், எந்தத் தேதியில் அது முடிகிறது, பார்க்கிங் விகிதம் என்ன. இந்த ஒரு அட்டவணை இல்லாமல் கட்டடக் கலைஞரிடம் படம் கேட்பது வீண் செலவு.

அடுத்து சிறு கடைகளின் லீஸ். அதில் உடன்வாடகையாளர் பிரிவு இருக்கும். இத்தனை ஆங்கர் திறந்திருக்க வேண்டும், மாலில் இத்தனை சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தால் நிலையான வாடகைக்குப் பதில் விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் கொடுக்கலாம், அது நீடித்தால் காலிசெய்யலாம். இரண்டாவது ஆங்கர் போனதும் வருமானம் ஏன் மெல்லச் சரியாமல் ஒவ்வொரு படியாகத் திடீரென்று விழுகிறது என்பதற்கு இந்தப் பிரிவே விளக்கம்.

இரண்டு உதாரணம். கொலராடோவில் லேக்வுட் ஊரின் வில்லா இத்தாலியா 1966-ல் திறந்து 2001-ல் மூடியது. 104 ஏக்கர். நகரம் மறுசீரமைப்பு ஆணையம் ஒன்றை அமைத்துக் கான்டினியூம் என்ற டெவலப்பரோடு சேர்ந்தது. 2004-ல் பெல்மார் என்ற பெயரில் 22 பிளாக்குகளாகத் திட்டமிட்ட புது நகர்ப்பகுதியின் முதல் கட்டம் திறந்துவிட்டது. வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியாவின் லேண்ட்மார்க் மால் 1965-ல் வந்தது. நடைக்கூடம் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் நடைக்கூடம், மேசீஸ், சியர்ஸ் என்று நிலம் பிரிந்து கிடந்த இடம் அது. எல்லோரையும் ஒரே உடன்பாட்டில் கொண்டுவர 2020 டிசம்பர் வரை ஆனது, இடிப்பு 2022-ல்தான். அதுவும் இனோவா மருத்துவமனை வர ஒப்புக்கொண்டு, நகரம் 14 கோடி டாலர் கடன்பத்திரத்தில் நிலமும் அடிப்படை வசதியும் தர முன்வந்த பிறகுதான் நகர்ந்தது.

வரைபலகை:

பத்திரப்பெட்டி சொன்ன வரிசையில் ஒன்றை மாற்றுவேன். பத்திரம் படித்து முடிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை கட்டடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் முடியும் கட்டமைப்பு ஆய்வை இணையாகச் செய்துவிடுங்கள். இடிப்பதா மாற்றுவதா என்பது தெரிந்தால்தான் எந்தச் சம்மதத்துக்குப் பேரம் பேச வேண்டும் என்பதும் தெரியும்.

ஆங்கர் கட்டடத்தை வீடாக்குவது பற்றி. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் தளம் சாதாரணமாக 200 அடிக்கு 300 அடி. சன்னலே கிடையாது. வீட்டுக்கு வெளிச்சம் சன்னலிலிருந்து 25, 30 அடி வரைதான் உள்ளே போகும். அதனால்தான் நடுவில் தாழ்வாரம், இருபுறமும் வீடு என்று கட்டும் அடுக்குமாடியின் அகலம் 60, 65 அடியோடு நிற்கிறது. 200 அடி அகலத்தை வீடாக்க நடுவில் 70 அடி அகலத்துக்கு முற்றம் வெட்ட வேண்டும். மிஞ்சுவது இருபுறமும் 65 அடி. அதாவது வாங்கிய தளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலே இரும்புச் சட்டத் தளமாக இருந்தால் வெட்டலாம். பின்-இழுவைக் கம்பி (கான்கிரீட் இறுகிய பிறகு இழுத்து முடுக்கிய கம்பி) போட்ட கான்கிரீட் தளமாக இருந்தால் வெட்டும் முன் ரேடார் வைத்து ஒவ்வொரு கம்பியும் எங்கே ஓடுகிறது என்று குறிக்க வேண்டும், ஒரு கம்பி அறுந்தாலும் முழு நீளத்துக்கும் வலு போகும். வீடு ஒவ்வொன்றுக்கும் கழிவுநீர்க் குழாய்க்குத் துளை வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாங்கு சுமையில் பிரச்சினை இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். வீட்டுக்கு அது உண்மை. கடை என்று வடிவமைத்த கட்டடத்தில் தரைத்தளம் சதுர அடிக்கு 100 பவுண்டு, மேல்தளம் 75. வீட்டு அறைக்கு 40 போதும், பொதுத் தாழ்வாரத்துக்கு மட்டும் 100. ஆனால் நகராட்சிகள் ஆசைப்படுவது நூலகத்துக்கு. புத்தக அடுக்குக்கு 150 வேண்டும். அதை மேல்தளத்தில் வைக்கப் படம் போட்டுவிட்டுப் பிறகு உத்தரத்துக்கு உத்தரம் இரும்பு ஒட்டுவது பெரும் செலவு. நூலகத்தைத் தரையோடு வைத்தால் அந்தச் செலவே வராது.

என் கருத்தில் ஆங்கர் கட்டடத்துக்குப் பொருத்தமானவை சன்னல் அதிகம் கேட்காத, பார்க்கிங் நிறையக் கேட்கும் பயன்பாடுகள். நாஷ்வில்லின் ஒன் ஹன்ட்ரட் ஓக்ஸ் மால் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2009 வாக்கில் மேல்தளத்தில் வாண்டர்பில்ட் பல்கலையின் கிளினிக்குகள் வந்தன, கீழே கடைகள் தொடர்ந்தன. ஆஸ்டினின் ஹைலேண்ட் மால் 1971-ல் திறந்தது. அதை ஆஸ்டின் கம்யூனிட்டி கல்லூரி துண்டு துண்டாக வாங்கி, பழைய ஜேசி பென்னியை முதலில் வகுப்பறையும் கணினிக் கூடமுமாக மாற்றி 2014-ல் திறந்தது. கொலராடோவில் எங்கிள்வுட்டின் சிண்ட்ரெல்லா சிட்டியை இடித்தபோது ஒரு ஆங்கரை மட்டும் நிறுத்தி நகராட்சி அலுவலகமும் நூலகமும் ஆக்கினார்கள், வாசலிலேயே இலகு ரயில் நிலையம்.

இன்னொன்று, பலர் தாமதமாகத் தெரிந்துகொள்வது. கூரை போட்டு மூடிய மால்களுக்குக் கட்டட விதியில் தனிச் சலுகை உண்டு. சுற்றிலும் 60 அடி நிரந்தரத் திறந்தவெளி இருந்தால் கட்டடப் பரப்புக்கு வரம்பு இல்லை. பார்க்கிங்கில் புதுக் கட்டடம் ஒன்றை மாலுக்கு நெருக்கமாக வைத்தீர்கள் என்றால் அந்த 60 அடி உடைந்து, பழைய மால் முழுவதும் விதிமீறல் ஆகிவிடும். முதல் கட்டக் கட்டடம் எங்கே வரும் என்று வட்டம் போடும் முன்பு இந்த 60 அடிக் கோட்டைச் சிவப்பில் வரைந்துவிடுங்கள்.

கிழக்குவாசல்:

மிக்க நன்றி. எங்கள் பக்கம் அதிகம் பேசப்படுவது நடைக்கூடத்தை மட்டும் இடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஆங்கர்களைத் தனியாக நிற்க விடுவது. மேலோட்டமாக எளிதாகத் தெரிகிறது. சிக்கல் எங்கே வரும்? ஒரு பழைய சியர்ஸ் ஆட்டோ மையமும் (கார் பழுதுபார்க்கும் இடம்), உள்ளே ஒரு உலர்சலவைக் கடையும் இருந்திருக்கின்றன.

சுத்தியல்:

ஆட்டோ மையம், உலர்சலவை என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். செலவில் பெரிய பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். முதலில் நடைக்கூடம்.

நடைக்கூடத்துக்கும் ஆங்கருக்கும் நடுவே இருக்கும் சுவரை ஒருமுறை நேரில் பாருங்கள். ஒரு பக்கம் ஆங்கரின் நுழைவாயில், 30, 40 அடி அகலத் திறப்பு. அதற்கு மேலே மெல்லிய இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் பலகை. அதற்கு உள்பக்கம் காப்பு இல்லை, நீர்த்தடுப்பு இல்லை, அடியில் காற்றுச் சுமைக்கான அடித்தளமும் இல்லை, ஏனென்றால் அது வெளிச்சுவராகக் கட்டப்பட்டதே இல்லை. இரண்டு கட்டடத்தையும் பிரிப்பது ஒரு விரிவு இணைப்பு (வெப்பத்தில் கட்டடம் விரிய விட்ட இடைவெளி), மேலே ரப்பர் பட்டை. நடைக்கூடம் போனதும் அந்தச் சுவர் மழையில் நிற்கும். எனவே ஆங்கருக்குப் புது வெளிச்சுவரும் அடித்தளமும் புது வாசலும் கட்டி முடித்த பிறகுதான் நடைக்கூடத்தைத் தொட வேண்டும். அதுவும் கடை நடந்துகொண்டிருக்கும்போதே. நவம்பர், டிசம்பர் விற்பனை மாதங்களில் வேலை செய்ய ஆங்கர் விடாது, அதை அட்டவணையில் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள் இன்னும் முக்கியம். தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் மாலுக்குச் சுற்றிலும் ஒரே வளையமாக ஓடும், ஸ்பிரிங்க்ளர் பிரதானக் குழாய் நடைக்கூடத்துக் கூரைக்குள் இருக்கும். மின்மாற்றி அறை, தொலைபேசி அறை, சில இடங்களில் குளிர்நீர் ஆலை எல்லாம் பொது. எது யாருக்குப் போகிறது என்று பழைய வரைபடத்தை நம்பாமல், ஒவ்வொரு வால்வையும் பிரேக்கரையும் அடைத்துப் பார்த்துக் குறியுங்கள். நார்த்லாண்ட் போன்ற முதல் தலைமுறை வளாகங்களில் அடியில் சரக்கு லாரி போகும் சுரங்கப் பாதைகூட உண்டு. நிரப்புவதற்கும் பணம், அதன் வழியே போகும் குழாய்களை மாற்றுவதற்கும் பணம்.

இப்போது அழுக்கு. வாங்கும் முன்பே முதல் கட்டச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும். அதன் முக்கியப் பகுதிகள் 180 நாளுக்கு மேல் பழையதாகிவிட்டால் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் பழைய மாசுக்குப் பொறுப்பாகாமல் வாங்குபவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு போகும். ஆட்டோ மையத்தில் தரைக்கடியில் பழைய எண்ணெய்த் தொட்டி, ஹைட்ராலிக் லிஃப்ட்டின் சிலிண்டர்கள், எண்ணெய் பிரிப்பான் தொட்டி மூன்றையும் தேடுங்கள். சிலிண்டரை எடுக்கும்போது அடியில் மண் நனைந்திருந்தால் அந்த மண்ணும் போக வேண்டும். உலர்சலவைக் கடையில் பிரச்சினை பெர்க்ளோர் என்ற கரைப்பான். தண்ணீரைவிடக் கனமானது, கான்கிரீட்டில் ஊடுருவிக் கீழே இறங்கும், நிலத்தடி நீரோடு அடுத்த மனைக்கும் போகும். ஆவி மேலே வந்து கட்டடத்துக்குள் நுழையும். கடை இருந்த இடத்தில் மட்டும் துளை போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அங்கிருந்து போகும் கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளுக்கு அருகிலும் மண்வாயு மாதிரி எடுங்கள், கசிவு பல சமயம் அங்கேதான். மேலே வீடு வருவதாக இருந்தால் தரைக்கடியில் ஆவித்தடுப்பு விரிப்பும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும் வடிவமைப்பிலேயே சேர்ந்துவிட வேண்டும்.

அஸ்பெஸ்டாஸ். தீப்பாதுகாப்புக்காகத் தெளிக்கும் அஸ்பெஸ்டாஸை 1973-ல் தடை செய்தார்கள். உங்கள் மால் 1974, அதனால் உத்தரங்களில் இருக்காது என்று நம்பிவிட வேண்டாம், திறந்தது 1974 என்றால் உத்தரம் ஏறியது அதற்கு முன்னால். தரை ஓடு, அடியில் இருக்கும் கருப்புப் பசை, கூரைத் தார், குழாய் முழங்கைக் காப்பு எல்லாவற்றிலும் மாதிரி எடுங்கள். இடிப்புக்கு 10 வேலை நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுப்பது கட்டாயம், அஸ்பெஸ்டாஸ் இல்லாவிட்டாலும்கூட. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நொறுங்காத, அதாவது கையால் நசுக்கினால் தூளாகாத, தரை ஓடுகளை அகற்றாமலே இடிக்க விதி சில நிலைகளில் அனுமதிக்கும். ஆனால் அந்த ஓடோ பசையோ ஒட்டிய கான்கிரீட்டை நொறுக்கு இயந்திரத்தில் போட்டால் அது நொறுங்கும் அஸ்பெஸ்டாஸ் ஆகிவிடும். சாலைக்கு அடிப்படுகையாகப் போடலாம் என்று வைத்த அத்தனை கான்கிரீட்டும் கழிவுக் கிடங்குக்கு லாரியேறும். தளத்திலேயே நொறுக்கிப் பயன்படுத்துவது உங்கள் திட்டமானால் ஓடுகளையும் பசையையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மீதி வழக்கமானதுதான்: 1979-க்கு முந்தைய டியூப்லைட் சோக்குகளில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள், தெர்மோஸ்டாட்டில் பாதரசம், கூரைமேல் இருக்கும் குளிர்சாதனப் பெட்டிகளில் ஆர்-22 வாயு, உணவகப் பகுதியின் எண்ணெய்த் தொட்டி. இடிப்பு இயந்திரம் வருவதற்கு முன்பே எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும்.

ஓடைக்கரை:

எல்லோரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். அந்த 78 ஏக்கரில் கட்டடம் சிறுபான்மை. உண்மையான சொத்து தார்த்தளம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக்கு 5 வண்டி என்றால் 9 லட்சம் சதுர அடிக்கு 4,500 வண்டி. ஒரு வண்டிக்கு நிற்கும் இடமும் போய்வரும் வழியும் சேர்த்து 325 சதுர அடி. ஏறக்குறைய 34 ஏக்கர். இந்த விகிதம் வருடத்தில் மிக நெரிசலான சில மணி நேரங்களுக்கென்று வைத்தது. கடை, வீடு, அலுவலகம் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வண்டி நிறுத்தும் என்பதால் பகிர்வுக் கணக்குப் போட்டால் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் குறைத்த மீதியை அடுக்கு பார்க்கிங்கில் ஏற்றினால் ஒரு வண்டி இடத்துக்கே 25,000 டாலருக்கு மேல் ஆகும். நிலத்தின் விலை அதைத் தாங்காத ஊர்களில் முதல் கட்டத்தைத் தரைப் பார்க்கிங்கோடு கட்டி, அடுக்கு பார்க்கிங்கைப் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளுவதே பிழைக்கும் வழி. அப்போதும் வருங்காலத் தெருக்களின் கோட்டை விட்டுவைத்தே தரைப் பார்க்கிங்கைப் பிரியுங்கள், பிளாக் ஒன்று 200 முதல் 400 அடிக்குள். குழாய், கம்பி எல்லாம் அந்தத் தெருக்கோட்டுக்குக் கீழே போகட்டும். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

அடுத்து மழை. ஒரு ஏக்கர் தார்மேல் ஓர் அங்குல மழை விழுந்தால் 27,154 கேலன். உங்கள் இடத்தில் 70 ஏக்கர் மூடிய தரை என்று வைத்தால் 19 லட்சம் கேலன் சில மணி நேரத்தில் அப்படியே வடிகாலுக்குப் போகும். 1974-ல் கட்டியவற்றில் பல இடங்களில் தேக்கிவைக்க எந்த ஏற்பாடும் இல்லை. இன்று ஒரு ஏக்கருக்கு மேல் கிளறினாலே மழைநீர் அனுமதி வேண்டும், பெரும்பாலான ஊர்களில் மறுகட்டுமானத்துக்கும் தேக்க அளவு விதி உண்டு. பழைய நில வரைபடத்தையும் விமானப் படத்தையும் எடுத்து, மாலுக்கு முன்பு அங்கே ஓடை இருந்ததா என்று பாருங்கள். தட்டையான நிலம் தேடி ஓடைப் படுகையில் கட்டி, ஓடையைக் குழாய்க்குள் தள்ளிய இடங்கள் அதிகம். அந்தக் குழாயின் வயது மால் வயதுதான். நெளிவு உலோகக் குழாயாக இருந்தால் அடிப்பகுதி துருவில் கரைந்திருக்கும். கேமரா விட்டுப் பாருங்கள்.

ஓடையை வெளியே எடுத்தால் சுமை சொத்தாக மாறும். சியாட்டிலின் நார்த்கேட் மாலுக்குப் பக்கத்தில் கூடுதல் பார்க்கிங்காக இருந்த நிலத்தில் 2009-ல் தார்ன்டன் ஓடையின் நீர்த் தூய்மைக் கால்வாய் திறந்தது. அளவில் சிறியது, 2.7 ஏக்கர்தான். சுற்றிலும் 680 ஏக்கரிலிருந்து வரும் மழைநீரை அது சுத்தம் செய்கிறது, இருபுறமும் வீடுகள் வந்துவிட்டன. கனெக்டிகட்டின் மெரிடனில் வெள்ளத்தில் மாட்டிய மாலை இடித்துவிட்டு ஓடையைத் திறந்து, 14 ஏக்கர் பூங்காவாகவே 2016-ல் திறந்தார்கள். பக்கத்திலேயே ரயில் நிலையம். பூங்காவின் ஓரத்து மனைகளில் புதுக் கட்டடங்களும் வந்தன.

கிழக்குவாசல்:

கடைசியாக ஒன்று. ஆர்இஏ பேச்சுவார்த்தை நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் காலியான கடைகளை என்ன செய்வது? வாடகைக்கு விட்டால் பிறகு அவர்களை எழுப்புவது கஷ்டம், விடாவிட்டால் பாழாகிறது.

பத்திரப்பெட்டி:

விடுங்கள், ஆனால் லீஸில் மறுசீரமைப்பு முடிவுப் பிரிவு வையுங்கள். உரிமையாளர் 180 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம், வாடகையாளர் செய்த உள்வேலைகளில் தேய்மானம் போக மீதியை மட்டும் திருப்பித் தரலாம் என்று எழுதினால் போதும். புது லீஸ்களில் உடன்வாடகையாளர் பிரிவையும் தனி வியாபார உரிமையையும் (அதே பொருளை மாலில் வேறு யாரும் விற்கக்கூடாது என்பது) அறவே சேர்க்காதீர்கள். பழைய லீஸ் புதுப்பிக்க வரும்போது அவற்றை நீக்குவதற்காகவே வாடகையைக் குறைத்துக் கொடுப்பதில் தவறில்லை. எல்லா லீஸின் முடிவுத் தேதியையும் தள வரைபடத்தில் நிறம் பூசிப் பாருங்கள். எந்தப் பகுதி முதலில் முழுதாகக் காலியாகிறதோ, முதல் கட்டத்தை அங்கே வையுங்கள். ஒரே ஒரு செருப்புக் கடை 2031 வரை நடுவில் உட்கார்ந்திருந்தால் அதை இப்போதே வேறு பக்கம் நகர்த்தப் பேசுங்கள், மற்றவர்கள் போன பிறகு பேசினால் விலை பல மடங்கு.

சுத்தியல்:

காலியான பகுதியில் மின்சாரத்தை முழுதாக வெட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் சூடு இல்லாவிட்டால் ஸ்பிரிங்க்ளர் குழாய் உறைந்து வெடிக்கும். கூரையின் வடிகால் வாய்களை இலையுதிர் காலத்தில் இரண்டு முறையாவது சுத்தம் செய்யுங்கள். தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கிக் கசிந்தால் ஒரே குளிர்காலத்தில் ஜிப்சமும் தரைவிரிப்பும் பூஞ்சை பிடிக்கும், மாற்றிப் பயன்படுத்தலாம் என்று நினைத்த கட்டடமும் இடிப்புப் பட்டியலுக்குப் போய்விடும். செம்புத் திருட்டும் கூரையில்தான் தொடங்கும், ஏணிக் கதவுக்குப் பூட்டு போடுங்கள்.